அத்தையின் கைநாட்டும் உன் கல்யாணப் பத்திரிகையும்

உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி மூன்று நாள் முன்பு தபாலில் வந்தது. அச்சு நன்றாக இருக்கிறது, பிழை ஒன்றும் இல்லை. பிள்ளையாருக்குக் கீழே, உன் பேருக்கு மேலே, பெற்றவர்கள் பேருக்கெல்லாம் மேலே, கொட்டை எழுத்தில் நம் எம்.எல்.ஏ.வின் பேர். "அவர்கள் தலைமையில்" என்று வேறு போட்டிருக்கிறாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் அப்போதே கிழித்திருப்பேன். உன் அம்மா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். "கோவத்துல புள்ளைக்கு எதுவும் எழுதாதீங்க, ரெண்டு நாள் ஆறட்டும்" என்றாள். அவள் பேச்சுக்குக் கட்டுப்பட்டு இரண்டு நாள் பொறுத்தேன். ஆறவில்லை. இன்று காலை காபி குடித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

பேர் போட்டதற்கு நீ போனில் சொன்ன காரணமும் என் காதிலேயே நிற்கிறது. "எம்.எல்.ஏ. பேர் போட்டா தெருமுனைல பேனர் வெப்பாங்கப்பா. பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி ஒரு கெத்து. நீங்க மட்டும் அவருகிட்ட கடலு, சட்டம்னு ஏதாவது பேசித் தொலைச்சிடாதீங்க, கல்யாணம் முடியட்டும்." கெத்தைக்கூட மன்னித்துவிடுவேன், வயசு அப்படி. பேசித் தொலைக்காதே என்றாயே, அதற்குத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தேன். பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பேச வேண்டிய நாளில் வாயை மூடிக்கொண்டு வந்தவன் நான். அதுவும் உனக்காக. இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததைத்தான் இப்போது எழுதப் போகிறேன். நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். அரசு அலுவலகத்துக்கு எதிரே, ஒரு மேசையும் தட்டச்சு இயந்திரமும் போட்டுக்கொண்டு ஊராருக்கு மனு அடித்துக் கொடுப்பது. முதியோர் பென்ஷன், ரேஷன் அட்டை, மனைப்பட்டா, புருஷன் செத்த சர்டிபிகேட், பள்ளிக்கூடத்தில் இடம். வருகிறவர்கள் எல்லாரும் தங்களுக்கு வேண்டியதைக் கேட்கத்தான் வருவார்கள். அதில் தப்பில்லை, இல்லாதவன் கேட்காமல் என்ன செய்வான்? ஆனால் எல்லா மனுவும் கடைசியில் போய்ச் சேர்கிற இடம் ஒன்றுதான், எம்.எல்.ஏ. வீட்டு வாசல். நம் குட்டி யூனியன் பிரதேசத்தில் ஒரு தொகுதி என்பது கைக்குட்டை அளவு. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தால் ஐந்து நிமிஷத்தில் அவர் வீடு. லுங்கியோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். காதுகுத்துக்கு வருவார், மஞ்சள் நீராட்டுக்கு வருவார், சாவு என்றால் பங்காளிகளை முந்திக்கொண்டு மாலையோடு வந்து நிற்பார். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்காரனுக்கு இந்தக் கொடுப்பினை ஏது? இவ்வளவு பக்கத்தில் ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு நாம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டதே இல்லை. சட்டசபையில் நீ எதற்குக் கை தூக்கினாய், எதற்குத் தூக்கவில்லை என்ற கேள்வி. நம் வீட்டு விசேஷத்துக்கு வந்து சாப்பிட்டவரிடம் போய் அதைக் கேட்பதா என்று நமக்குக் கூச்சம். மரியாதைக் குறைவாம்! இந்த மரியாதையிலேயே நாம் நாசமாய்ப் போனோம்.

நம் தெருவில் இருந்த சொல்தாக்காரரை நினைவிருக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவர், தொப்பி போடாமல் வெளியே வரமாட்டார். அவர் என்னிடம் பிரெஞ்சில் கடிதம் அடிக்க வருவார். ஒரு தரம் பிரான்சில் அவர் ஓட்டு இருந்த ஊரின் தெப்புத்தேவுக்கு, அதாவது அந்த ஊர் எம்.எல்.ஏ. மாதிரி ஓர் ஆளுக்கு, ஒரு கடிதம் சொல்லச் சொல்ல அடித்தேன். வெளியிலிருந்து அங்கே பிழைக்கப் போகிறவர்களின் உரிமையைப் பற்றிய ஏதோ ஒரு சட்டம் வருகிறதாம். நீ அதை ஆதரித்து ஓட்டுப் போடுவாயா, எதிர்த்துப் போடுவாயா, எழுது என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான் கடிதம். "உங்களுக்கு என்ன வேணும்னு எழுதவே இல்லையே?" என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் வேணாம். அவன் இன்னா பண்ணப்போறான்னு எனக்குத் தெரியணும்" என்றார். கிழவருக்குப் பொழுது போகவில்லை என்று மனசுக்குள் சிரித்தேன். பதில் வந்தது. உங்கள் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை, எதிர்த்துத்தான் போடுவேன் என்று. எனக்கு முகம் வாடிவிட்டது, அவருக்கோ ஒரே சந்தோஷம். "சொல்லிட்டான் பாத்தியா? அடுத்த தபா அவனுக்கு என் ஓட்டு கெடையாது" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். நீ பிளஸ் டூ முடித்த வருஷம். நாம் அதற்கு முன்பே, கடலை விட்டுத் தள்ளி, சாரத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். அத்தை குடும்பம் கடலோரம் வைத்திக்குப்பத்திலேயே இருந்தது. தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அடுக்கிய பிறகு வடக்கே மணல் வருவது நின்றுபோய், வருஷத்துக்கு வருஷம் கரை உள்ளே வந்துகொண்டிருந்தது. நீ கபடி ஆடிய மணல் அது. படகை ஏற்றி வைக்க இடம் இல்லாமல் ஒருவன் படகை இன்னொருவன் வாசலில் கட்டினார்கள். ஊர் கூடிப் பேசி, என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் அந்தக் குப்பத்தில் பிறந்தவன், எழுதப் படிக்கத் தெரிந்தவன், எம்.எல்.ஏ. வீட்டு வாசல் தெரிந்தவன். என்ன எழுதவேண்டும் என்று அவர்களே தெளிவாகச் சொன்னார்கள். நிவாரணம் கேட்கவில்லை. சட்டசபையில் எழுந்து கேட்க வேண்டும்: எங்களைக் கேட்காமல் கடலில் கல் போடக்கூடாது என்று விதி செய்வீர்களா, குப்பத்து ஜனம் கரையில் குடியிருக்கிற உரிமையை எழுத்தில் தருவீர்களா? நான் என் வாழ்நாளில் அடித்த மனுக்களிலேயே அது ஒன்றுதான் மனு. நாலு தாள் நிறையக் கையெழுத்தும் கைநாட்டும். முதல் கைநாட்டு உன் அத்தையுடையது, பக்கத்தில் உன் மாமாவுடையது. "படிச்சவன் நீ, உன் கையில குடுத்துட்டோம்" என்று மாமா என் தோளைத் தட்டி அனுப்பினார்.

மறுநாள் காலை எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனேன். இப்போது இருப்பவர் அல்ல, அப்போது இருந்தவர். என் மஞ்சள் பையில் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று அந்த மனு. இன்னொன்று உன் மார்க் ஷீட்டின் ஜெராக்ஸ். இரண்டையும் கேட்டுவிடலாம் என்றுதான் போனேன், சத்தியமாக. அவர் என்னைப் பார்த்ததும், "வாங்க மனுக்காரரே, பையன் மார்க் இன்னா? இஞ்சினியரிங் போடலியா?" என்று கேட்டார். அதற்கு முன் யாரும் என்னிடம் அப்படி விசாரித்ததில்லை. டீ வரவழைத்தார். நான் கை விட்டது பைக்குள்ளே, எடுத்தது உன் மார்க் ஷீட். அவர் எங்கோ ஒரு போன் செய்தார். உனக்கு இடம் கிடைத்தது. மனு பைக்குள்ளேயே இருந்தது. இதையும் நீட்டினால் அந்தப் போனைத் திரும்பச் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அடுத்த வாரம் கொடுக்கலாம் என்று திரும்பி வந்தேன். அடுத்த வாரம் கால் நகரவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்களே, அந்த உப்பு என் தொண்டையை அடைத்துவிட்டது. மகனுக்கு சீட்டு வாங்கின வாயால் எப்படிக் கேள்வி கேட்பது? நாலு தாளையும் மடித்துத் தகரப் பெட்டியின் அடியில், என் பள்ளிக்கூட சர்டிபிகேட்டுகளோடு வைத்துவிட்டேன்.

நீ மூன்றாம் வருஷம் படிக்கும்போது, ஐப்பசி மழையில், கடல் அத்தை வீட்டின் பின்சுவரைத் தள்ளியது. இரண்டு நாளில் அடுப்படி போயிற்று. பிறகு ஒன்றும் இல்லை. தவலையும் அண்டாவும் நடுத்தெருவில் கிடக்க, உன் அத்தை ஈரப்புடவையோடு நின்றாள். உனக்குப் பரீட்சை என்று உன்னிடம் "கொஞ்சம் தண்ணி வந்துடுச்சு" என்று மட்டும் சொன்னோம். மாமா அதற்குப் பிறகு சரியாகவே பேசவில்லை, மறு வருஷம் போய்விட்டார். அவளுக்கு இப்போது பின்தெருவில் ஒற்றை அறை. அதற்கும் கடலுக்கும் நடுவே இருப்பது இரண்டு வரிசை வீடுகளும் லாரியில் கொண்டுவந்து கொட்டிய கருங்கல்லும்தான். நீ ஹாஸ்டலிலிருந்து வரும்போதெல்லாம் வஞ்சிரத்தில் நடுத்துண்டு எடுத்து வைத்திருப்பாளே, அது பெரிய மார்க்கெட்டில் அவள் விற்காமல் ஒதுக்கிக் கொண்டுவந்தது. அப்போதெல்லாம் என்னை ஒரு கேள்வி கேட்பாள். "அந்த மனு இன்னாச்சிண்ணா?" நானும் தயங்காமல் சொல்வேன், "மேல போயிருக்கும்மா."

அந்த மனு போயிருந்தால் மட்டும் கடல் நின்றிருக்குமா என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. நின்றிருக்காது என்று நானும் என்னை ஏமாற்றிக்கொண்டுதான் தூங்கினேன். கேட்டு இல்லை என்று ஆவது வேறு, கேட்காமலே இருந்தது வேறு. சொல்தாக்காரருக்குக் கிடைத்த "மாட்டேன்" என்ற பதில்கூடக் குப்பத்துக்குக் கிடைக்கவில்லை. அதைக் கிடைக்காமல் செய்தது ஏதோ டெல்லிக்காரன் இல்லை, உன் அப்பன்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். வடதுருவத்தில் பனி உருகுகிறது, கரடி நிற்க இடமில்லாமல் தவிக்கிறது என்று ஊரெல்லாம் ஈமெயில் அனுப்புகிறாயாமே. "பத்து பேருக்கு அனுப்பினா உலகத்தைக் காப்பாத்தலாம்னு போட்டிருந்தார், மாமா" என்று உனக்குப் பார்த்திருக்கும் பெண்ணே போனில் பெருமையாகச் சொன்னது. நல்ல பெண், அதை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மகனே, கரடிக்கு இரக்கப்படுகிறவன் அத்தைக்காக ஓர் அஞ்சல் அட்டை போட்டாயா? நாம் சாரத்துக்கு வந்தபோது ஓட்டை மாற்றவில்லை, உனக்கு வயசு வந்தபோதும் அத்தை வீட்டு முகவரியிலேயே சேர்த்தோம். தேர்தல் அன்று பஸ் ஏறி வந்து ஓட்டுப் போட்டுவிட்டு, விரல் மையைப் போட்டோ பிடித்து நண்பர்களுக்கு அனுப்புகிறாய். வாக்காளர் பட்டியலில் உன் பேருக்கு எதிரே இருக்கும் அந்தக் கதவு எண் இன்று தண்ணீருக்குள் இருக்கிறது. அந்தக் கதவுக்காக ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாதவனுக்கு விரலில் மை எதற்கு?

இப்போது டெல்லியில் கரைச் சட்டத்தை மாற்றப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. கரையில் யார் இருக்கலாம், யார் கட்டலாம் என்று புதிதாக எழுதப் போகிறார்களாம். கடல் இன்னும் ஏறும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். ஏறுகிற கடலைக் காட்டிக் குப்பத்தைக் காலி செய்துவிட்டு, அதே இடத்தில் ஓட்டல் கட்ட விடமாட்டார்கள் என்று யார் கையெழுத்துப் போட்டுத் தருவது? நம் சட்டசபை கூடும்போது ஒரு தீர்மானம் போட்டால் நம் பேச்சு என்று ஒன்றாவது பதிவாகும். இதை மனசில் வைத்துக்கொண்டு, போன மாதம் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனேன். ஆமாம், நீ பேசாதே என்று சொல்வதற்கு முன்பே பேசியாகிவிட்டது. கோபமாகத்தான் கேட்டேன். "இத்தனை வருஷத்துல குப்பத்தைப் பத்தி சட்டசபைல ஒரு தடவையாவது எழுந்து பேசினீங்களா?" அவர் பேப்பரை மடித்து வைத்தார். அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "எங்கிட்ட எவன் கேட்டான்? நீங்களே சொல்லுங்க. தெனம் இந்த வாசல்ல எவ்ளோ பேர் வராங்க. கேஸ் கனெக்‌ஷன் வேணும், சீட்டு வேணும், காதுகுத்துக்கு வாங்க. கடல் சட்டத்தைப் பத்தி ஒரு காயிதம் வந்திருக்கா? ஒரு காயிதம்? கேக்காததை நான் எங்க போய் பேசறது?" அவர் தப்பிக்கிறார் என்று எனக்குத் தெரியும், கேட்டால்தான் செய்வேன் என்று சொல்ல அவர் எதற்கு எம்.எல்.ஏ.? இருந்தாலும் வராமல் போன அந்த ஒரு காகிதம் என் வீட்டுத் தகரப் பெட்டியில் அல்லவா இருக்கிறது? அவரைத் திட்டப் போனவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து அந்த நாலு தாளையும் எடுத்துக்கொண்டு நேரே பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். அத்தை சங்கரா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கூட்டம் குறையட்டும் என்று நிற்கவில்லை, நின்றால் சொல்லியிருக்க மாட்டேன். கூடைகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மார்க் ஷீட்டை எடுத்தது, மனுவை எடுக்காதது, மேலே போயிருக்கிறது என்று பொய் சொன்னது. அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை. வாங்க வந்தவளுக்கு மீனைக் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். பிறகு கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, "குடு" என்றாள். தாளைப் பிரித்து, முதல் பக்கத்தில் தன் கைநாட்டைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் இருந்ததை விரலால் தொட்டாள். எழுத்துத் தெரியாதவளுக்கு அது யாருடையது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது அவரு கை."

நான் தலையாட்டினேன்.

"வூட்டோட அவரு போட்டோவும் போயிடிச்சி. ஒண்ணும் இல்லாம இருந்தேன். அவரு கை இத்தினி வருசமா உன் பொட்டிலயாண்ணா இருந்திச்சி?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நம் ஜனங்கள் திட்டுகிற திட்டெல்லாம் எனக்குத் தெரியும், அத்தனைக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் அந்த ஒரு தாளை மட்டும் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் என்னிடம் தந்துவிட்டு, மறுபடி அரிவாள்மனையில் உட்கார்ந்துவிட்டாள். மார்க்கெட் நடுவே, அத்தனை பேர் இடித்துக்கொண்டு போகிற வழியில், நான் அழுதேன்.

மறுநாள் புது மனு அடித்தேன். பழைய கேள்விகளோடு புதிதாக ஒன்றும் சேர்த்திருக்கிறேன்: தீர்மானம் வந்தால் நீங்கள் கை தூக்குவீர்களா, மாட்டீர்களா, எழுத்தில் பதில் வேண்டும். முதல் தாளில் என் கையெழுத்து மட்டும்; அடுத்த இடத்தை அத்தைக்கு விட்டுவிட்டு, மற்றவர்களுக்கு வேறு தாள். குப்பத்தில் வீடு வீடாகப் போகிறேன், சாரத்தில் நம் தெருவிலும் அவரவர் எம்.எல்.ஏ.வுக்கு எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "உனக்கு இன்னாய்யா ஆச்சு, எலெக்‌ஷன்ல நிக்கப்போறியா?" என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். கடலோரத்தில் வீடு இல்லாதவனுக்கு என்ன என்று கேட்கிறவனிடம், கடல் ஏறினால் அடுத்த மழைக்கு உன் தெருச் சாக்கடை எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்கிறேன். சிலர் கதவைச் சாத்துகிறார்கள். சிலர் பேனாவைக் கேட்டு வாங்குகிறார்கள்.

பத்திரிகை மாதிரியை உன் அம்மாவிடம் கேட்டு வாங்கி, இதோடு திருப்பி அனுப்புகிறேன். எம்.எல்.ஏ. பேரைச் சிவப்பு மையில் அடித்திருக்கிறேன். அவர் கல்யாணத்துக்கு வரட்டும், நாலு பேரைப் போல வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், நானே பரிமாறுகிறேன். உன் தலைக்கு மேலே அவர் பேர் வேண்டாம். ஒரு தரம் நான் வாயை அடைத்துக்கொண்டது போதும், நீயும் ஆரம்பத்திலேயே அடைத்துக்கொள்ளாதே. கல்யாணத்துக்கு முந்தின திங்கட்கிழமை லீவு போட்டு வா. அன்று காலை குப்பத்து ஜனத்தோடு மனுவை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போகிறோம். கூட்டத்தில் நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இன்னொன்று. உனக்கு அக்கா தங்கை இல்லை. தாலியில் மூன்றாவது முடிச்சை அத்தைதான் போடவேண்டும் என்று நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே பேசி வைத்தது; மாமா போன பிறகும், ஊர் என்ன சொன்னாலும், அதை நாம் மாற்றவில்லை. இவ்வளவும் தெரிந்த பிறகு அவள் மணவறைப் பக்கம் வருவாளோ மாட்டாளோ என்று எனக்குத் தெரியவில்லை. முந்தாநாள் புது மனுவையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். கட்டைவிரலை மையில் வைத்தாள். தாளுக்குக் கொண்டு வந்தவள், என் கையெழுத்துக்குக் கீழே வைக்காமல் நிறுத்திவிட்டாள். "போன தபா நான் மொதல்ல வெச்சேன், அது உன் புள்ளைக்கு சீட்டாப் போயிடிச்சி. இந்த தபா மொதல்ல அவன் போடட்டும். அவன் போட்டாத்தான் நான் வெப்பேன். முடிச்சும் அப்பதான் போடுவேன், போய் சொல்லு" என்றாள். விரலில் இருந்த மையைச் சுவரில் துடைத்தாள்.

அந்தத் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். என் கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி காலியாக இருக்கிறது. அதற்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.